எருமைக் கன்றுக்கு எந்தத் தகடு?

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியை அண்டிய எங்கள் ஊரில், சனசமூக நிலையத்தின் முற்றத்தில் ஓர் எருமைக் கன்றின் உருவத்தை உலோகத் தகட்டில் செய்து நிறுத்துவதென்று தைப்பொங்கலுக்குப் பிறகு கூடிய கூட்டத்தில் முடிவானது. உயரம் 80 சென்ரிமீற்றர், மூக்கிலிருந்து வாலடி வரை 110 சென்ரிமீற்றர். இது வார்ப்பு வேலையும் அல்ல, அச்சில் வைத்து அமுக்கும் வேலையும் அல்ல. நாங்களே செய்துகொண்ட சுத்தியல்களாலும் மரக்குற்றிகளாலும் தட்டி எடுக்கும் வேலை. எந்த உலோகம், எந்த முறை என்ற இரண்டு கேள்விகளையும் தீர்க்கும் பொறுப்பு, சில ஆண்டுகளாக உடும்பும் கொக்கும் ஆமையும் தட்டிப் பழகியவன் என்ற வகையில் என்னிடம் வந்து சேர்ந்தது. கூட்டத்தில் சொல்ல நேரம் போதாத காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே வேலையைத் தொடங்க விரும்புவோர் வன்னியின் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய காசும் கைப்பாடும் பிழையான தகட்டில் வீணாகக் கூடாது.

முதலில் அளவு. களிமண்ணில் செய்த சிறு மாதிரியின் மேல் சீமெந்துப் பைக் கடதாசியைத் துண்டு துண்டாக ஒட்டி, பிறகு உரித்து அளந்தபோது, இந்தக் கன்றின் தோல் முழு அளவில் ஏறக்குறைய 2 சதுர மீற்றர் வரும் என்று தெரிந்தது. வெட்டுக் கழிவையும், தட்டும்போது கிழிந்து போகக்கூடியதையும் சேர்த்தால் 2.5 சதுர மீற்றர் தகடு கையில் இருக்க வேண்டும். 1 மில்லிமீற்றர் தடிப்பில் 2 சதுர மீற்றர் இரும்புத் தகடு 16 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். அதே அளவு செம்பு 18 கிலோ. அலுமினியம் ஐந்தரைக் கிலோவைத் தாண்டாது. செம்பையும் அலுமினியத்தையும் கடையில் கிலோக் கணக்கில்தான் தருகிறார்கள் என்பதால் இந்த எண்களை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எந்த உலோகமானாலும் தட்டத் தட்ட இறுகும். உள்ளே இருக்கும் படிகங்களின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போகும் வரைதான் தகடு நம் சொல்லைக் கேட்கும். அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட பிறகு அடி வளைவாக மாறாமல் வெடிப்பாக மாறிவிடும். எனக்கு இந்த வேலையைக் கற்பித்த முதியவர் சத்தத்தை வைத்தே அதைச் சொல்லிவிடுவார். மந்தமாகக் கேட்ட அடி மணி போலக் கூர்மையாகக் கேட்கத் தொடங்கியதும், "தம்பி, தகடு களைச்சுப்போச்சு, இனி அடிச்சா வெடிக்கும், நெருப்பில போடு" என்பார். களைத்த தகட்டைக் காய்ச்சி இளக்கினால் படிகங்கள் புதிதாக அமைந்து அது மீண்டும் மென்மையாகும். ஆகவே தகட்டைத் தெரிவு செய்வதென்பது நெருப்பைத் தெரிவு செய்வதும்தான்: எத்தனை முறை காய்ச்ச வேண்டும், எந்த அடுப்பில் காய்ச்ச வேண்டும், போதும் என்பதை எந்த அடையாளத்தால் அறிவது என்ற மூன்றுக்கும் பதில் தெரியாத தகட்டை வாங்கக் கூடாது.

செம்பைப் போல இந்த மூன்று கேள்விகளுக்கும் தெளிவாகப் பதில் சொல்லும் உலோகம் வேறில்லை. மங்கிய சிவப்பு நிறம் வந்தால் இளகிவிட்டது. அப்படியே தண்ணீரில் அமிழ்த்தலாம், ஏனெனில் கரிமம் மிகுந்த உருக்கைப் போலச் செம்பு தண்ணீரில் இறுகுவதில்லை. மேலே படிந்த கறுப்பைக் கொதிக்கும் புளித்தண்ணீரிலிட்டுத் தேய்த்து எடுத்துவிடலாம். குத்துவிளக்குத் துலக்கும் வீடுகளில் புளிக்குக் குறைவில்லை. தட்டிய ஒவ்வோர் அடியையும் அது ஏற்று வைத்துக்கொள்ளும் விதம், அதைத் தொட்டுப் பார்த்தவருக்குத்தான் விளங்கும். கண் இமையின் மடிப்பையோ, மூக்குத் துவாரத்தின் உள்விளிம்பையோ ஒரே தகட்டிலிருந்து வெட்டாமல் ஒட்டாமல் எழுப்ப வேண்டுமானால், நான் செம்பைத்தான் கையில் எடுப்பேன்.

ஆனால் 18 கிலோச் செம்பின் விலை ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு எட்டாதது. 2022இல் ரூபாய் வீழ்ந்தபோது இறக்குமதியாகும் உலோகம் அனைத்தும் விலையேறியது, அதிலும் செம்பு தனித் தகடாக வவுனியாவுக்கு வடக்கே எளிதில் கிடைப்பதும் இல்லை. இன்னொரு தடையும் உண்டு. செம்பு இரும்பைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கையடக்கமான காஸ் ஊதுவிளக்கை ஒரு முனையில் பிடித்தால் வெப்பம் மறுமுனைக்கு ஓடிப்போய்விடும், பிடித்த இடம் சிவக்காது. உள்ளங்கையளவு தகட்டுக்கு அந்த விளக்கு போதும். கன்றின் விலாவளவு தகட்டுக்குச் சிரட்டைக் கரி பரப்பிய அகலமான குழியும் துருத்தியும் வேண்டும். காவல் இல்லாத முற்றத்தில் செம்பை நிறுத்தினால் இரவில் அது காணாமற்போகும் என்ற பயத்தையும் கூட்டத்தில் ஒருவர் சொன்னார், அந்தப் பயம் நியாயமானது.

இரும்புத் தகட்டுக்கு வருவோம். இங்கே இரும்பு என்று நான் சொல்வது கரிமம் குறைந்த மென்னுருக்கை. அதில் இரண்டு வழிகள் எங்களுக்குத் திறந்திருக்கின்றன: கடையில் புதிதாக வாங்கும் 1 மில்லிமீற்றர்த் தகடு, அல்லது பழைய எண்ணெய்ப் பரல். 200 லீற்றர்ப் பரலின் சுவரை வெட்டி விரித்தால் 180 சென்ரிமீற்றர் நீளமும் 88 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட தகடு கிடைக்கும், அதன் தடிப்பும் பெரும்பாலும் 1 மில்லிமீற்றரை ஒட்டியே இருக்கும். இரண்டு பரல்கள் இருந்தால் கன்றின் தோலுக்கு மேலதிகமாகவே தகடு உண்டு. கரீபியன் நாடான எயிற்றியில் குறுவா தே பூக்கே என்ற ஊரில் ஜோர்ஜ் லியோத்தோ என்ற கொல்லர் தொடங்கிவைத்த மரபில் இன்றும் பரல்களை வெட்டி விரித்து, உளியாலும் சுத்தியலாலும் உருவங்கள் செய்கிறார்கள். அவர்களுடைய உருவங்கள் பெரும்பாலும் தட்டையாக நிற்பவை. நாங்கள் செய்ய நினைப்பது சுற்றிவந்து பார்க்கும் உருவம். ஆயினும் ஏழை ஊரின் கழிவுப் பரலில் கலை பிறக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று எனக்குத் தேவையில்லை.

பரலில் உழைப்பு அதிகம். நடுவில் ஓடும் இரண்டு வளைய மேடுகளைத் தட்டிச் சமமாக்குவதற்கே ஒரு முழுநாள் போய்விடும். சமமாக்கிய இடம் மற்ற இடங்களைவிட முன்பே இறுகியிருக்கும் என்பதால் அதைத் தனியாகக் காய்ச்ச வேண்டும். வண்ணத்தை எரித்து நீக்கும் புகை நச்சானது, ஆகவே வீட்டுக்கும் கிணற்றுக்கும் தள்ளி வைத்துச் செய்ய வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. எண்ணெய் இருந்த பரலைக் காஸ் சுவாலையாலோ, பொறி பறக்கும் வெட்டு இயந்திரத்தாலோ வெட்டத் தொடங்கவே கூடாது. உள்ளே மிஞ்சியிருக்கும் ஆவி வெடித்து ஆளைக் கொன்றுவிடும். சவர்க்காரத் தண்ணீரால் பலமுறை கழுவி, தண்ணீர் நிரப்பி வைத்து, உளியும் சுத்தியலும் கொண்டு மேல்மூடியை எடுத்த பிறகே மற்ற வேலை. கிருமிநாசினி இருந்த பரலை எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது.

புதிய தகட்டில் இந்தச் சிக்கல்கள் இல்லை, ஆனால் காசு போகும். பழைய வாகனங்களின் முன்மூடித் தகடு மூன்றாவது வழி. நெளிந்த வாகனத் தகட்டைத் தட்டி நிமிர்த்தும் ரிங்கர் வேலை செய்யும் கராஜ்களில் நெளிந்து கழிக்கப்பட்டவை கிடைக்கும். ஆழமாக அமுக்குவதற்கென்றே தயாரித்த மென்மையான உருக்கு அது என்பதால் பழைய மூடிகள் கைக்கு நன்றாக வளையும். அண்மைக் கால வாகனங்களில் கடினமான மெல்லிய உருக்கு வருவதால் அவற்றை நான் தவிர்க்கிறேன்.

இரும்பு செம்பைப் போல இணங்காது. அதே வளைவுக்கு இரட்டிப்பு அடி வேண்டும், தோள் வலிக்கும், காய்ச்சும்போது மேலே செதில் செதிலாகக் கறுப்பு எழும்பி நிற்கும், அதைத் துடைக்காமல் தட்டினால் தகட்டுக்குள் பதிந்துவிடும். ஆனால் வெப்பம் மெதுவாகக் கடத்தப்படுவதால் வேண்டிய இடத்தை மட்டும் சிவக்க வைக்க முடியும். இந்த ஒரு குணம் சிறிய அடுப்பு வைத்திருப்பவருக்குப் பெரிய உதவி. சிவந்த நிறத்தை வெயிலில் பார்க்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் சோளகக் காலத்து நண்பகல் வெளிச்சத்தில், உண்மையில் பளிச்சென்று சிவந்த தகடு கறுப்பாகவே தெரியும், காய்ந்த புல்லில் பொறி பறந்தால் அயல் வளவும் எரியும். காற்று விழுந்த மாலைப் பொழுதில், நிழலில் மட்டுமே காய்ச்சுகிறோம்.

அலுமினியத்தைப் பலர் பரிந்துரைத்தார்கள்: இலேசு, துருப்பிடிக்காது, கையால் வளையும். மூன்றும் உண்மை. ஆனால் அது 660 பாகை செல்சியஸில் உருகிவிடும், உருகும் வரை நிறம் மாறிக் காட்டாது. முதன்முறை நான் காய்ச்சிய அலுமினியத் தகடு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நடுவில் தொய்ந்து விழுந்தது. இதற்குச் சவர்க்காரக் கட்டியால் தகட்டில் கோடு போட்டுக்கொள்வது வழக்கம். அந்தக் கோடு கடும் கபில நிறமாகும்போது இளகும் வெப்பம் வந்துவிட்டது, உடனே நெருப்பை எடுத்துவிட வேண்டும். கற்றுக்கொண்டால் கொக்குக்கும் பூநாரைக்கும் அலுமினியம் மிகப் பொருந்தும். சுண்டிக்குளத்துப் பூநாரையின் ஒற்றைக் கால் ஒல்லியாக நின்று தாங்க வேண்டுமானால் மேலுடல் இலேசாக இருக்கத்தான் வேண்டும். எருமைக்கு அது பொருந்தாது. சிறுவர்கள் ஏறி இருக்கப் போகும் முதுகு அது. ஒட்டுவதற்குத் தனி வகை வெல்டிங் இயந்திரம் வேண்டும் என்பதும், கேற்றும் கிறிலும் செய்யும் எங்கள் கடைகளில் அது அரிது என்பதும் சேர்ந்துகொள்கின்றன.

பித்தளையை விரைவில் ஒதுக்கினேன். விலை ஒரு காரணம். மற்றது, தட்டி இறுகிய பித்தளையை இளக்காமல் விட்டால், மாட்டுச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா பட்டு அது தானாகவே பிளவுபடும். பிரித்தானியர் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக் கோதுகள் பிளவுபட்டதிலிருந்தே இந்தக் குறையை ஆராய்ந்தார்கள். எங்கள் முற்றத்துக்குப் பின்னால் மாட்டுப் பட்டி இருக்கிறது. இதையொட்டி ஒன்றை மனந்திறந்து சொல்ல வேண்டும்: தட்டுவதற்கு மிக இணக்கமான பித்தளை வெடிபொருட் கோதுகளில்தான் உண்டு என்று யாராவது சொன்னால், அது உலோகத்தைப் பொறுத்தவரை உண்மை, ஆனால் வன்னி மண்ணில் அதைத் தேடிப் போவது உயிரைப் பணயம் வைப்பது. இலங்கை, கண்ணிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் 2017 டிசெம்பரில் இணைந்த பிறகும் முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. காட்டிலும் வயலோரத்திலும் கிடக்கும் எந்த உலோகத்தையும் சிற்பத்துக்கென்று பொறுக்க வேண்டாம். பழைய இரும்புக் கடையிலும் அடையாளம் தெரியாத துண்டை விலைக்கு வாங்க வேண்டாம்.

மீள்குடியேறிய காலத்தில் எங்கள் கொட்டில்களுக்குக் கூரையாக இருந்த தகரங்கள் இன்னும் பல வளவுகளில் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றின் நினைவுக்காகவே அவற்றில் செய்ய வேண்டும் என்று ஒரு அக்கா கேட்டார், அந்த வேண்டுகோள் என் மனத்தை விட்டுப் போகவில்லை. ஆயினும் தகரத்தைக் குழித்துத் தட்ட முடியாது: மெல்லியது, பெரும்பாலும் கடினமான உருக்கு, மேலே நாக (துத்தநாக) முலாம். காய்ச்சினால் நாகம் ஆவியாகி, அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். ஆனால் வெட்டி அடுக்கினால் அது அழகான பொருள். அழுங்கின் (எறும்புதின்னியின்) உடல் முழுவதும் ஒன்றன்மேல் ஒன்று கவிந்த செதில்கள். தகரத்தை இலை வடிவில் நூற்றுக்கணக்கில் வெட்டி, விளிம்பை அரத்தால் மழுக்கி, தறையாணியால் வரிசை வரிசையாகப் பூட்டினால் நெருப்பே இல்லாமல் அழுங்கு பிறந்துவிடும். அடுத்த உருவமாக அதைச் செய்வதென்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

முறையைப் பற்றியது இரண்டாம் கேள்வி. ஒரே வட்டத் தகட்டை அடைகல்லின் (தட்டும்போது அடியில் தாங்கும் கட்டையின்) மேல் வைத்து வெளிப்புறமிருந்து தட்டித் தட்டிச் சுருக்கி எழுப்புவது ஒன்று. மணற்பையிலோ குழித்த மரக்குற்றியிலோ வைத்து உட்புறமிருந்து தட்டிக் குழித்து, இரண்டு பாதிகளாக எடுத்து, ஒட்டிச் சேர்ப்பது மற்றொன்று. முதலாவதில் ஒட்டு இல்லை, ஆனால் ஒரு தலைக்கே பத்துப் பன்னிரண்டு சுற்றுத் தட்டலும், சுற்றுக்கு ஒரு முறை நெருப்பும் வேண்டும். இரண்டாவதில் தகடு நீண்டு மெலியும். மிக ஆழமான இடத்தில் பாதித் தடிப்புக்கு இறங்கி ஓட்டை விழக்கூடும், ஆகவே நடுவிலிருந்து அல்லாமல் விளிம்பிலிருந்து சுருளாக உள்ளே வர வேண்டும். கன்றின் விலாவும் வயிறும் ஆழமில்லாத, அகன்ற வளைவுகள். அவற்றுக்கு இரண்டாம் முறையே இயல்பானது, முதுகெலும்பின் கோட்டில் ஒட்டு வந்தால் அது எலும்பின் மேடாகவே கண்ணுக்குத் தெரியும்.

கோயில் வாகனங்களின் வழி மூன்றாவதாக உண்டு. இடபமும் சிங்கமும் குதிரையும் மரத்தில் செதுக்கி, அதன் மேல் மெல்லிய செம்பையோ வெள்ளியையோ போர்த்தி, குங்கிலியமும் செங்கல் தூளும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவைப் படுக்கையில் தகட்டை வைத்து உளிகளால் புடைப்பு வேலை செய்வார்கள். நுணுக்கத்தில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் வாகனம் திருவிழாவன்று வெளியே வந்து மற்ற நாட்களில் கூரைக்குக் கீழே இருப்பது. மார்கழி மழையில் நிற்கும் உருவத்துக்குள் மரம் இருந்தால், தகட்டின் இடுக்கால் இறங்கிய ஈரம் உள்ளேயே தங்கி, கறையானையும் உக்கலையும் கொண்டுவரும்.

இனிக் கருவிகள். வாங்கிய கருவி எதுவும் எங்களுக்குத் தேவைப்படாது என்பதே என் அனுபவம், ஒரு நல்ல தகரக் கத்தரியைத் தவிர. புளியங்கட்டையில் கடைந்த கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியல் முதல் வளைவுகளுக்குப் போதும். மரம் தகட்டை நீட்டாமல் நகர்த்தும் என்பதால் தொடக்கத்தில் அதுவே இரும்புச் சுத்தியலைவிட நல்லது. குழிக்கும் குற்றிக்கும் புளியே சிறந்தது. பனங்குற்றியை ஒருவர் தந்தார், வெளிவைரம் கல்லைப் போல் இருந்தாலும் உள்ளே சோறு மென்மையானது, இரண்டு நாளில் நடு இறங்கிவிட்டது. பாலையும் முதிரையும் மிகப் பொருத்தமான மரங்கள்தான், ஆனால் அனுமதியின்றித் தறிப்பது குற்றம். பழைய வீட்டு நிலையிலோ வண்டில் சட்டத்திலோ மிஞ்சியதைத்தான் எடுக்க வேண்டும். படங்குத் துணியை இரட்டையாகத் தைத்து, காயவைத்து அரித்த ஆற்று மணலை இறுக்கி நிரப்பினால் மணற்பை தயார்.

சுத்தியலின் முகத்தில் ஒரு கீறல் இருந்தால் அந்தக் கீறல் ஆயிரம் முறை தகட்டில் பதியும் என்பதைக் கருவி செய்பவர் மறக்கக் கூடாது. லொறி அச்சின் துண்டில் ஒரு முனையை முட்டையின் அகன்ற பக்கம் போலவும், மறுமுனையை மிக மெல்லிய குவிவாகவும் அரத்தால் வடித்து, சிவக்கக் காய்ச்சி, காந்தம் ஒட்டாத வெப்பம் வந்ததும் எண்ணெயில் அமிழ்த்தி இறுக்கினோம். அப்படியே விட்டால் அது கண்ணாடி போல உடையும். மினுக்கிய முகத்தில் வைக்கோல் நிறம் படரும் வரை மெதுவாக மீண்டும் சூடாக்கி ஆறவிட்டால் உறுதியும் தாங்குதிறனும் சமப்படும். பிறகு மணற்கடதாசியின் மிக நுண்ணிய இலக்கம் வரை சென்று, முகம் பார்க்கும் அளவுக்கு மினுக்க வேண்டும். பழைய எஞ்சின் வால்வுகள் காளான் வடிவிலேயே இருப்பதால், குற்றியில் துளையிட்டு நட்டுவிட்டால் காதின் உட்பக்கத்துக்கும் கண்குழிக்கும் ஏற்ற சிறு அடைகற்கள் ஆகிவிடும். எங்கள் ஊர்ப் பழைய கம்மாலையில் இருக்கும் தண்டவாளத் துண்டின் குவிந்த தலை, கழுத்து வளைவுக்கென்றே வார்த்தது போல இருக்கிறது.

நிற்கும் இடமும் தெரிவை மாற்றும். எங்கள் முற்றம் கடலிலிருந்து தள்ளியிருப்பதால் இரும்பைத் துணிந்து சொல்கிறேன். நந்திக்கடலோரத்திலோ ஆனையிறவு உப்பளத்தின் காற்றுப் படும் இடத்திலோ நிறுத்துவதென்றால் என் பதில் வேறு: உள்ளே அலுமினியச் சட்டமும் அலுமினியத் தறையாணியும் மட்டுமே கொண்ட அலுமினிய உருவம். ஒரு உலோகத்தின் மேல் இன்னொன்றைப் பூட்டுவது உப்புக் காற்றில் பெரும் பிழை. நியூயோர்க்கின் சுதந்திரதேவி சிலை, 1886இல் 2.4 மில்லிமீற்றர்ச் செம்புத் தகட்டை இரும்புச் சட்டத்தின் மேல் போர்த்தி எழுப்பப்பட்டது. இடையில் வைத்த காப்பு காலப்போக்கில் பழுதாகி, ஈரத்தில் செம்பும் இரும்பும் ஒன்றையொன்று தொட்டதால் இரும்பு அரித்து வீங்க, 1986இல் நிறைவடைந்த சீரமைப்பில் தகட்டைத் தாங்கிய இரும்புப் பட்டைகளைத் துருப்பிடிக்கா உருக்கில் மாற்ற வேண்டியிருந்தது. கன்றின் முகத்தை மட்டும் செம்பில் செய்து இரும்பு உடலில் பொருத்தலாம் என்ற ஆசை எனக்கும் இருந்தது. இந்தக் காரணத்தாலேயே அதை விட்டுவிட்டேன்.

ஆகவே என் தெரிவு இது. உடலும் கால்களும் கழுவி விரித்த இரண்டு பரல்களின் தகட்டில். தலை மட்டும் புதிய 1 மில்லிமீற்றர் மென்னுருக்கில், ஏனெனில் பழைய தகட்டின் தெரியாத இறுக்கத்தோடு கண்ணையும் மூக்கையும் எழுப்ப நான் துணியவில்லை. விலாக்கள் குற்றியிலும் மணற்பையிலும் குழித்து எடுக்கப்படும். ஒட்டு வேலைக்குக் காஸ் வெல்டிங் செய்யும் ஒருவரைக் கேட்டிருக்கிறோம், சாதாரண வெல்டிங் கம்பி இந்த மெல்லிய தகட்டில் ஓட்டை போடும், காஸ் ஒட்டையோ பிறகு தட்டிச் சமமாக்கலாம். ஒட்டும் முன் உட்புறத்துக்கு துருவைத் தடுக்கும் ரெட் ஒக்சைட் பூச்சு, ஒட்டிய கோட்டைக் கடைசியில் வயிற்றுத் துளைவழியாகப் பூசுவது, ஒவ்வொரு குளம்பின் அடியிலும் நீர் வடிய விரல் புகும் துளை, வெளியே மங்கிய கறுப்பு வண்ணம், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மறுபூச்சு. எருமையின் தோல் நிறத்துக்கு இரும்பின் கறுப்பு தானாகவே பொருந்திவிடுகிறது.

செம்பு முழுவதும் விலகிவிடவில்லை. 30 சென்ரிமீற்றர்ச் சதுரமும் 0.8 மில்லிமீற்றர்த் தடிப்பும் கொண்ட ஒரு செம்புத் தகடு 650 கிராமுக்கும் குறைவு. அதை வாங்கி, வேலையில் சேரும் ஐந்து இளைஞரும் அதில் ஒரு காதையும் கண்குழியையும் தட்டிப் பழகிய பிறகே இரும்பில் கைவைப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். சத்தம் எப்போது மாறுகிறது என்பதை இரும்பு தாமதமாகச் சொல்லும், செம்பு உடனே சொல்லும். பங்குனி முதல் கிழமை மாலை இடது காதில் தொடங்குகிறோம்.